பின்னால் செருகிய இடது கை

வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வேலை பார்க்கும்போது இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். சொந்த ரேடியோவில் தூரத்து ஊர்களோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இதுதான் முதல் பாடம். ஒரு கையால் மட்டும் தொட்டால், தவறி ஷாக் அடித்தாலும் மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயாது. நான் பாப்பாரப்பட்டியில் வீட்டுக்குள் பேன்ட் போட்டதில்லை. வேட்டிக்குப் பாக்கெட்டும் கிடையாது. அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வேட்டிக்குள் செருகிக்கொள்வேன். மாதா கோயில் பூசை நேரத்தில்கூட உங்களுக்கு இவ்வளவு பயபக்தி வந்து நான் பார்த்ததில்லைங்க என்பாள் என் மனைவி.

பயபக்தியில் பக்தி எவ்வளவு என்று தெரியாது, பயம் நிறைய இருந்தது. பெங்களூரில் ராணுவப் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கிய இரண்டு தடித்த வால்வுகளை வைத்து, என் ரேடியோவின் சத்தத்தைப் பலமாக்கி அனுப்ப அறுபதுகளின் கடைசியில் நானே கட்டிய பெட்டி அது. உள்ளே அறுநூறு வோல்ட். சுவிட்சை அணைத்தாலும் சொம்பு அளவில் ஒரு கண்டென்சர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். எனக்காகவே காத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆகவே ஒரு மூங்கில் குச்சி. நுனியில் செம்புக் கம்பி, கம்பியின் மறுமுனை பெட்டியின் தகரத்தில். குச்சியால் கண்டென்சரைத் தொட்டால் இருப்பு தீர்ந்துவிடும். ஆரம்பத்தில் பட்டாசு மாதிரி டப்பென்று வெடிக்கும். வருஷம் போகப் போக அந்தச் சத்தம் பல்லி உச்சுக் கொட்டுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. என் தைரியம் வளர்ந்துவிட்டதால் சத்தம் சின்னதாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குச்சியோடு விட மாட்டேன். ஒரு முதலைவாய் கிளிப்பைக் கண்டென்சரில் கடிக்க வைத்து அதையும் தகரத்தோடு இணைப்பேன். கிளிப் நழுவிவிட்டால்? மேலே சணல் கயிறு சுற்றி முடிச்சு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு நாக்பூரில் ஒரு ரயில்வே ஊழியர் எனக்காகக் காத்திருப்பார். இரண்டு வருஷமாக மோர்ஸ் தட்டலில் பேசிக்கொண்டிருந்தோம். முகம் பார்த்ததில்லை. அவருடைய முழங்கால் வலியும் எங்கள் ஊர் மழையும் எங்களுக்குள் பொதுச்சொத்து. அவர் ஓய்வு பெற்று பம்பாயில் மகன் வீட்டுக்குப் போகிறார், அங்கே ஏரியல் கட்ட இடமில்லை, வருகிற ஞாயிறுதான் கடைசி என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் கேட்காமல் போனால் பிறகு எப்போதும் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு வால்வு விட்டு விட்டு எரிந்தது. பெட்டியைத் திறந்து, கை பின்னால், குச்சி, கிளிப், சணல் எல்லாம் முறைப்படி செய்து, வால்வு உட்காரும் சாக்கெட்டைச் சுத்தம் செய்து மூடினேன். ஞாயிறு காலை ஏழுக்கு ஐந்து நிமிஷம். மனைவி பூசைக்குப் புறப்பட்டுப் பட்டுச் சேலையில் நிற்கிறாள். சுவிட்சைப் போட்டேன். எருமை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், உள்ளே நீலமாக ஒரு மின்னல், வீடு முழுக்கக் கரன்ட் போயிற்று.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மனைவி மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்ற ஆரம்பித்திருந்தாள். நான் இறங்கி, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, இடது கையைப் பின்னால் செருகி, குச்சியை மெதுவாகக் கண்டென்சருக்கு நீட்டினேன்.

அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கிளிப்பு ஏற்கெனவே மாட்டித்தானே இருக்குது?”

இருந்தது. சணல் முடிச்சோடு. நேற்று என் உயிரைக் காப்பாற்றக் கட்டியதை அவிழ்க்காமலே மூடிவிட்டிருக்கிறேன். அறுநூறு வோல்ட்டும் நேராகத் தகரத்தில் இறங்கி, மின்சாரத்தை மாற்றித் தரும் வால்வு செத்துப்போயிருந்தது.

மணி ஏழு தாண்டிவிட்டது. எல்லாம் போச்சு என்று நாற்காலியில் சரிந்தேன். இந்தப் பெட்டி இல்லாமல் பேசவே முடியாதா என்று கேட்டாள். சின்ன டிரான்ஸ்மிட்டர் மட்டும் இருக்கிறது, ஆனால் அது ஒரு கொசு, கொசு நாக்பூர் வரைக்கும் பறக்குமா என்றேன்.

“பறக்குதோ இல்லையோ, விட்டுப் பாருங்க. பூசைக்கு நேரமாவுது.”

மெயினைப் போட்டாள். ஏரியலை நேராகச் சின்னதில் மாட்டிவிட்டுக் கீயைத் தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை காதுக்குழாயில் அவருடைய அந்த நிதானமான தட்டல் வந்தது. மதிப்பெண் ஐந்து, மூன்று, ஒன்பது என்றார். புரிகிறது, சத்தம் குறைவு, தொனி சுத்தம் என்று பொருள். இத்தனை நாளும் ஐந்து, ஒன்பது, ஒன்பது என்று முழு மார்க் போட்டவர்.

ஆம்ப்ளிஃபயர் இல்லை, மன்னிக்கவும் என்று தட்டினேன்.

“ஆம்ப்ளிஃபயர்தானா காரணம்? இரண்டு வருஷமாக நீங்கள் மாவு மில்லுக்குள் உட்கார்ந்து தட்டுகிற மாதிரி கேட்டது. சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று முழு மார்க் போட்டேன். இன்றைக்குத்தான் உங்களைச் சரியாகக் கேட்கிறேன்.”

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் பேசினோம். முழங்கால், மழை, பம்பாய். விடை சொல்லும்போது அவர் கை கொஞ்சம் தடுமாறியது. என் கை தடுமாறியதையும் அவர் கேட்டிருப்பார், அன்றைக்குத்தான் தொனி சுத்தமாயிற்றே. பூசைக்குப் பிரசங்கம் பாதியில்தான் போய்ச் சேர்ந்தோம்.

மாவு மில் எங்கே இருந்தது என்று அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்து தேடினேன். கண்டென்சர்தான். அடியில் வெள்ளைத் தூள் கசிந்து, உள்ளே வற்றிப்போய், காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. கரகரப்பை வடிகட்ட வேண்டியது அது. இத்தனை நாளும் அதில் தேங்கியது பல்லிச் சத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குத்தான் குச்சியும் கிளிப்பும் சணலும்.

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுதான் காலியாச்சே, அப்புறம் எதுக்குங்க அது என்று கேட்டாள்.

எது என்று திரும்பிப் பார்த்தேன். இடது கை பின்னால் வேட்டிக்குள்தான் இருந்தது.