இடது கன்னத்து வெளிச்சம்

ஒரு கன்னத்துக்காக மூன்று நாள் மெனக்கெட்டேன். ஆள் மொத்தமே என் கட்டைவிரல் உயரம், அதில் கன்னம் ஒரு மிளகு அளவுதான். ஆனாலும் அந்த இடது கன்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெருவே "தோ பார்றா, வின்ச்காரரு" என்று சொல்ல வேண்டும் எனக்கு. ஏனென்றால் அந்த ஆள் என் அப்பா.

ராயபுரத்தில் நான் பிறந்த தெருவில், கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் இடையரும் ராஜாக்களும் மட்டும் இருக்க மாட்டார்கள். தெருக்காரர்களும் இருப்பார்கள். மீன்கூடைக்காரம்மா, ஆட்டோக்காரர், இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் குட்டிக் குட்டியாகக் குழந்தை யேசுவைப் பார்க்கப் போவது போல வைப்பார்கள். வருஷம் முழுக்க அடித்துக்கொண்ட ஆட்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். போன வருஷம் வரை அட்டையில் வெட்டி ஒட்டினார்கள். இந்த முறை குடில் வைக்கிற அண்ணன் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நான் வண்ணம் தீட்டிய பொம்மைகளைப் பார்த்துவிட்டு போன் செய்தார். "இந்த வாட்டி நீதாம்மா செய்யணும். பன்னெண்டு பேரு. ஒங்கப்பாவும் கீறாரு லிஸ்ட்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். அப்பாவிடம் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது கன்னத்தில் எந்நேரமும் புகையிலை ஒதுக்கியிருக்கும். விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். ஒருநாள் டோல்கேட் டீக்கடையில் அவருடைய தோஸ்துகள் முன்னாலேயே சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். "இன்னமே வூட்டாண்ட வராத" என்றார். "வரமாட்டேன், போ" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதை என்ன சொல்வது! கல்யாணமாகித் திருவொற்றியூரில் இருக்கிறேன். ஒரு பஸ் தூரம்தான். போகவில்லை. அம்மா தினமும் போன் செய்வாள். "அவரு?" என்று கேட்டால் "நல்லாத்தான் கீறாரு" என்பாள். அதற்குமேல் நானும் கேட்க மாட்டேன், கௌரவம்!

குடிலுக்கு வருவார், தன்னைப் பார்ப்பார், யார் செய்தது என்று கேட்பார். அது போதும், காலில் விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் செய்ததெல்லாம் கண்றாவி. நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன். பன்னிரண்டு பேரும் கரி மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள் போல ஆனார்கள். வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கலந்தேன். மூஞ்சியெல்லாம் சாம்பல் பூத்துப்போனது. வந்த ஆத்திரத்தில் ஆட்டோக்காரரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன், பாவம், தலை போய்விட்டது. பிறகுதான் பிடிபட்டது. நம் நிறத்துக்கு நிழல் என்றால் பழுப்போடு கொஞ்சம் அரக்குச் சிவப்பும் துளி நீலமும். வெளிச்சம் என்றால் கொஞ்சம் மஞ்சள். நிழல் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து விட்டால் அதுவே போய் மடிப்புகளில் தேங்கிக்கொள்ளும். காய்ந்ததும் மேடான இடங்களில் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். எது மேடு எது பள்ளம் என்று சந்தேகம் வந்தால், தலைக்கு மேலே ஒரு பல்பைப் பிடித்து போனில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

மற்றவர்களுக்கெல்லாம் போட்டோ வாங்கி வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு எதற்குப் போட்டோ? கண்ணை மூடினால் முகம் வருகிறது. கறுத்த மீசை, அகலமான நெற்றி, உப்பிய இடது கன்னம். அந்த உப்பலில் நாலு தடவை வெளிர் நிறம் ஏற்றினேன், கடைசியாக ஒரே ஒரு புள்ளி சந்தன நிறம். பளபளவென்று நின்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊரே பார்க்கிற இடத்தில் அதை வைத்து அவரைக் கொஞ்சம் குத்திக்காட்டவும் ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஷூ டப்பாவில் பஞ்சு வைத்து எல்லோரையும் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் வைக்கோல் போட்டுக் குடில் தயாராக இருந்தது. அண்ணன் இடம் காட்டக் காட்ட ஒவ்வொருவராக நிறுத்தினேன். அப்பாவை முன்வரிசையில் நிறுத்தி முடித்தபோது பின்னால் யாரோ ஒரு பெரியவர் வந்து நின்றார். தலை முழுக்க வெள்ளை, வாயைச் சுற்றித் துண்டு, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. குடிலைப் பார்க்க வந்தவர் போலிருக்கிறது என்று தள்ளி நின்று, "வாங்க, பாருங்க" என்றேன்.

அவர் துண்டை இறக்கினார்.

ஐயோ சேசுவே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் அப்பாவுடையது. நெற்றி அப்பாவுடையது. இடது கன்னம் இல்லை. அந்த இடத்தில் வேறு எங்கிருந்தோ எடுத்துத் தைத்த தோல், வேறு நிறத்தில், உள்வாங்கிக் கிடந்தது. தாடை பாதியில் நின்றுவிட்டிருந்தது. என் பாழாய்ப்போன புத்தி அந்த நேரத்திலும், நான் சந்தன நிறம் வைத்த இடத்தில்தான் அரக்கு நிழல் விழுந்திருக்கிறது என்று பார்த்தது. சீ என்று என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். "ஆறு மாசம் ஆச்சுடி ஆபரேசன் ஆயி. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"தெனம் போன் பண்ணியே! நல்லா கீறாருன்னு சொன்னியே! மனுசியா நீ?" நடுத்தெருவில் கத்தினேன். அவள் அழுதாள். நானும்தான். கத்தியது அவளைப் பார்த்து. ஆனால் இரண்டு வருஷம் பஸ் ஏறாதது நான் அல்லவா?

அதற்குள் அப்பா குனிந்து பொம்மையைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "குடுப்பா, வேணாம் குடு" என்று பிடுங்கப் போனேன். தரவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த உப்பிய கன்னத்தைப் பெருவிரலால் தடவினார். பேச்சு குழறித்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"கடைசியா எப்ப பாத்த என்னிய?"

காலியான ஷூ டப்பாவை எடுத்து மூடினேன்.

குடில் அண்ணன் சமாதானம் செய்ய வந்தார். "இருக்கட்டும்பா, நல்லாத்தான கீது. அன்னிக்கி இருந்த மாரியே இருந்துட்டுப் போ."

அப்பா தலையை ஆட்டினார். "இது நான் இல்ல."

பொம்மையோடு வீட்டுக்குள் போய்விட்டார். என்னைக் கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. டப்பாவையும் வண்ணப் பெட்டியையும் அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். துரத்தினால் துரத்தட்டும் என்றுதான் போனேன்.

உள்ளே அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். பொம்மையை என் எதிரில் ஸ்டூல் மேல் வைத்தார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார்ந்தார்.

என்னால் நிமிரவே முடியவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"பாரு," என்றார் அப்பா. "பாத்து அடி."