எந்த அழிவுக்கு என்ன சைஸ் படம்?

போட்டோ பிடிப்பது லேசான தொழில். பிடித்த முகத்தை அதன் சொந்தக்காரர் கையில் கொடுப்பதுதான் கஷ்டம். "இது நானா?" என்று கேட்காத ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை. சலூனோ, நகைக்கடையோ, பார்மசியோ, ஆள் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற என் சக பாவிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றைக் காம்பரா அறைகளில் ஒன்றில் பிறந்தவள். மாவனல்லை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவருக்குக் கம்ப்யூட்டர், எனக்குக் கமரா. பொம்பளை கையில் கமரா இருப்பதால் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். சுற்றியுள்ள தோட்டத்து ஆட்கள் என்னை லயத்துப் பிள்ளை என்று தேடி வருவார்கள். நாடு குப்புற விழுந்த ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு வேறு வேறு விதமான ஆர்டர் வந்தது. ஒரே செய்தியைக் கேட்டு எல்லாரும் ஒரே மாதிரி அழுவதில்லை என்பதை நான் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

பூச்சட்டி

என் சித்தி மகள் கொழும்பில் வேலை செய்தாள். ஈஸ்டர் அன்று காலையில் பூசைக்குப் போனவள், சர்ச்சில் குண்டு வெடித்ததில் திரும்பி வரவில்லை. ஊரில் கும்பிட வைப்பதற்காக அவள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருந்தோம். அந்த வாரத்தில்தான் துணிக்கடை ஹாஜியார் ஒரு கல்யாணப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளுடைய கல்யாணம், நாங்கள் பிடித்த படம்தான். அதில் மூன்றாவது வரிசையில் நின்ற பையனைக் காட்டி, "இவன எடுத்துடுங்க தங்கச்சி" என்றார். அது அவருடைய சொந்த மருமகன், தங்கச்சி மகன். குண்டு விஷயத்தில் பொலிஸ் தேடிய, கூட ஓதிய யாரோ ஒருவனின் நம்பர் அவன் போனில் இருந்ததாம். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு வீடாகச் சோதனை நடந்த நேரம் அது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொதித்தது. மேசையில் என் தங்கச்சி கிடக்கிறாள், இவர் படம் திருத்த வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஹாஜியார் அந்தச் சட்டத்தைப் பார்த்தார். "யாரு?" என்றார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். எனக்காக அழுதாரா, அவருக்காக அழுதாரா, தெரியாது. நானும் அழுதேன்.

என் வீட்டுக்காரர் பையனை அழித்தார். வழக்கே இல்லாமல் அவன் பல மாதம் கழித்து வெளியே வந்தான் என்பது வேறு கதை. அழித்த இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது. அங்கே என்ன வைக்கட்டும் என்று அவர் கேட்டார். ஹாஜியார் சொன்னார்: "ஒரு பூச்சட்டிய வச்சிடுங்க தம்பி. பூச்சட்டிய யாரும் வந்து பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க."

படம் மாட்டாத வீடு

கொரோனா காலத்தில் கடை பாதி நாள் பூட்டு. திறந்த ஒரு நாளில், ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கும் ரிஸ்வான் அவருடைய வாப்பாவின் அடையாள அட்டையோடு வந்தார். பெரிதாக்கித் தர வேண்டும் என்றார். வாப்பா ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் மவுத்தானார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்போது சட்டம் ஒன்றே ஒன்று: யாராக இருந்தாலும் எரிக்க வேண்டும். குளிப்பாட்டவில்லை, தொழுகை வைக்கவில்லை, கபுறில் அடக்கவில்லை. மகன் பார்த்தது ஒரு புகைக்கூண்டை மட்டும்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். இவர்கள் வீட்டில் செத்தவர் படத்தைச் சுவரில் மாட்டும் வழக்கம் இல்லை. எத்தனையோ வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். சுவரில் மணிக்கூடு மட்டும்தான். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். ரிஸ்வான் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: "எங்கட ஊட்டுல படம் தொங்கப் போடுறதில்லதான் அக்கா. கபுறு இருந்தா அங்க போய் ஸலாம் செல்லுவேன். இப்ப நான் எங்க போய் ஸலாம் செல்ற?"

டீவியில் வந்தவர்

நாடு காசில்லாமல் போய் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கரண்ட் போனால் கஸ்டமர்கள் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே போனால் வெயில். உள்ளே இருந்தால் பேச்சாவது உண்டு. ஒரு நாள் பேச்சு, எது பெரிய அடி என்று போனது. ஒருவர் சுனாமி என்றார். ஒருவர் குண்டு என்றார். கொரோனாதான் என்று ஒரு டீச்சர் அடித்துச் சொன்னார். மூன்று பேருமே பெருமையாகத்தான் பேசினார்கள், ஏதோ தங்கள் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தது மாதிரி. மூலையில் ஒரு த்ரீவீல்காரர் பெட்ரோல் வரிசையில் இரவெல்லாம் கிடந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் டீவியில பார்த்தேன். இந்த வரிசைக்கு மட்டும் நானே டீவியில வந்தேன்."

சிரிக்கக் கூடாது

அதே வருஷம் நான் பிடித்தது முழுக்கப் பாஸ்போர்ட் படம்தான். கல்யாணம் இல்லை, பூப்புனித நீராட்டு இல்லை. நாட்டை விட்டுப் போகிறவர்கள் மட்டும்தான். போட்டோப் பேப்பரும் கிடைக்காத நேரம். ஒருவருக்கு ஒரு தடவைதான் பிரிண்ட் என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

றப்பர் பால்வெட்டுக்குப் போகும் சுமதி குவைத்துக்குப் போக வந்தாள். நான் பிறந்த தோட்டம்தான் அவளுக்கும். வீட்டில் கோதுமை மா வாங்க வழியில்லை. ரொட்டி இருந்த இடத்தில் மரவள்ளி, அதுவும் முடிந்ததும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி. கூட்டி வந்த சின்ன மகள் அம்மா பக்கத்தில் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னையும் சேர்த்துப் பிடிங்க என்று அடம் பிடித்தாள். இறக்கினால் ஏறுகிறாள். கடைசியில் ஒரு பேப்பரை வீணாக்கி இருவரையும் சேர்த்து ஒரு படம் பிடித்தேன். வீணாக்கி என்று சொல்லக் கூடாது. அதைச் சுமதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவளைத் தனியாக வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். எல்லாரிடமும் சொல்வதைப் பழக்கதோஷத்தில் அவளிடமும் சொன்னேன்: பல் தெரியக் கூடாது, சிரிக்கக் கூடாது. கமராவை நேராகப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "அத நீங்க வேற சொல்லணுமாக்கா?"

மண்

போன வருஷக் கடைசியில் அடித்த புயல்மழையில் தோட்டத்துக்கு மேலே மலை வழுக்கி, ஒரு லயத்தின் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அதில் இருந்தவர் கணேசன். மனைவியும் மகளும் மண்ணுக்குள்ளே. மகனை உயிரோடு எடுத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இவர் அன்றைக்கு டவுனில் மூட்டை இறக்கப் போயிருந்ததால் தப்பினார்.

இடிந்த வீட்டின் படம் கொடுத்தால்தான் உதவிக்குப் பதிவார்கள் என்று என்னைக் கூப்பிட வந்தார். நடந்தே போனோம், ரோடு அறுந்து கிடந்தது. வழியில் அவராகவே பேசினார். "கொரோனாவுல எங்க லயத்த அடைச்சு வச்சாங்கல்ல மிஸ், அன்னிக்கு நான் திட்டாத திட்டு இல்ல. வேல இல்ல, சாப்பாடு இல்லன்னு. இப்ப யோசிச்சா, அப்ப நாலு பேரும் ஒரே காம்பராவுல இருந்திருக்கோம்." மேலே போனதும் ஒரு இடத்தைக் கையால் காட்டினார். சிவப்பு மண், உடைந்த தகரம் ஒன்று, அவ்வளவுதான். நான் எந்தப் பக்கம் நின்று பிடித்தாலும் மண்தான். அவர் அந்த மண்ணில் நின்று, "இங்கதான் அடுப்பு" என்றார். அதையும் பிடித்தேன்.

உதவிக்குப் பேர் பதிகிற அரசாங்க ஐயாவிடம் படங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், கணேசனும் கூட வந்தார். ஐயா நல்ல மனுஷர்தான். அவருக்கும் பல நாள் தூக்கமில்லை. படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் வீடே தெரியவில்லையே, மண் மட்டும்தானே இருக்கிறது என்றார். கணேசன் மரியாதையாக, நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். அதை ஒரு சொல் கூட்டாமல் தமிழில் தருகிறேன்: "வீடு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு மாத்தயா உங்ககிட்ட வர்றேன்?"

இந்த நாட்டில் எந்த அழிவு வந்தாலும் என் கடைக்கு மட்டும் வியாபாரம் தவறாமல் வந்துவிடுகிறது என்பதுதான், இந்த நாட்டின் மேல் எனக்கு இருக்கிற தீராத கோபம்.