ஒரு லைசன்ஸ், இரண்டு துப்பாக்கி

"ரெஜிஸ்டர்ல ரெண்டு துப்பாக்கின்னு இருக்கு. லைசன்ஸ் ஒண்ணுக்குத்தான வச்சிருக்கீங்க?" என்றார் ஸ்டேஷன் ரைட்டர் பொன்னுரங்கம்.

"ஒண்ணுதாங்க சார். ஒப்படைக்க வந்தப்ப கழட்டி எடுத்தாந்தேன்," என்றாள் சவரிமேரி.

"பூட்டிக் காட்டுங்க."

அவள் மேஜைமீது துணியை விரித்தாள். குழலைக் கட்டையில் பொருத்திக் கால் சுற்றுத் திருப்பினாள். ரைட்டர் எழுந்து நின்று பார்த்தார்.

"சரிம்மா. இது ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

சவரிமேரி மறுபடி கழற்றி, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் வைத்தாள். ரைட்டர் எண்ணினார். முகம் தெளிந்தது.

"அப்பவே இப்படிக் காட்டியிருக்கலாம்ல?" இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

2006 தேர்தலுக்காக ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கப் போன அன்று நடந்த பேச்சு இது. துணைக்குப் போயிருந்த தங்கை மகள் நித்யா மேரிக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சவரிமேரிக்கு ஸ்டேஷன் கணக்கில் இரண்டு துப்பாக்கி. லைசன்ஸ் புதுப்பிக்கிற கடலூர் கலெக்டர் ஆபீஸ் கணக்கில் ஒன்று. அங்கே பூட்டிக் காட்டுவாள், இங்கே கழற்றிக் காட்டுவாள்.

சிதம்பரத்தில் பிளவுஸ் தைப்பவள் அவள். சனிக்கிழமை குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துப்பாக்கியைப் பிரிப்பாள். தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து, மூன்றாவது விசிலுக்குள் பூட்டிவிடுவாள். பிறகு இன்ச் டேப்பால் ஒருமுறை அளப்பாள். பாதிக்கு ஒன்றாகக் கொக்கி வைத்த உறை இரண்டு, பட்டு பிளவுஸில் மிஞ்சிய துணியில் தைத்தது. இதுவரை ஒரு குண்டு சுட்டதில்லை. "சுட்டா உள்ள கரி புடிச்சிக்கும்" என்பாள்.

அப்பா குமராட்சி நிலத்தைத் தம்பிகளுக்கு எழுதினார், துப்பாக்கியை அவளுக்கு. "வெள்ளம் வந்தா அவனுங்க சொத்து முழுவிடும். என் சொத்து பரண்மேல ஏறிக்கும்" என்பாள் சவரிமேரி.

தம்பி அருள் பிரகாஷ் வரும்போதெல்லாம் சீண்டுவான்: "பாதியக் குடேன்க்கா, வயல்ல குருவி வெரட்ட."

"பாதி எப்பிட்றா சுடும்?"

"முழுசு மட்டும் எங்க சுட்டுச்சி?"

2011 தேர்தல் முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது துப்பாக்கிக்கு முப்பது நாளில் லைசன்ஸ் காட்ட வேண்டும். தவறினால் இரண்டும் பறிமுதல். துப்பாக்கி ஒன்றுதான் என்று நித்யா தமிழில் ஒரு மனு, ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். மனுவும் இரண்டாக இருக்கிறதே என்று ஸ்டேஷனில் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் சவரிமேரி நித்யாவை நிற்கவைத்து, தோளிலிருந்து விரல்வரை டேப் பிடித்தாள். அதே டேப்பைத் துப்பாக்கிக் கட்டையின்மேல் ஓட்டிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு, வெற்று விண்ணப்பம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உன் கைக்கு அளவு சரியாத்தான்டி இருக்கு. கொழலு என் பேர்லயே இருக்கட்டும். கட்டைக்கு நீ ஒரு லைசன்ஸ் எழுதிப் போடேன்."