அபலை என்றால் பேரழகி

அபலை என்ற சொல்லை நான் முதலில் கண்டது ஒரு பழைய நாவலில். குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டாவளைப் பக்கம் குடிவந்தபோது, அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் எங்களோடு வந்தார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. அவர் கொண்டுவந்த புத்தகம்தான் அது. அவித்த நெல்லை முற்றத்தில் காயப்போட்டுவிட்டு அவர் கோழி கலைப்பார். நான் பக்கத்தில் இருந்து உரக்க வாசிப்பேன். எனக்கு ஒன்பது வயது.

கதாநாயகி வரும் இடமெல்லாம் அவளை அபலை என்றே எழுதியிருந்தது. அவளுக்கு முழங்கால்வரை கூந்தல், பெரிய கண்கள், பார்த்தவர் மறக்காத முகம். ஆகவே அபலை என்றால் பேரழகி என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால்தானே கேட்பதற்கு.

அறுவடை முடிந்த கையோடு ஓமந்தையிலிருந்து சின்னம்மாவைப் பெண்பார்க்க வந்தார்கள். சின்னம்மா தேத்தண்ணி கொண்டுவந்தபோது மாப்பிள்ளை கதிரையை விட்டு எழுந்துநின்று வாங்கினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருடைய தாயார் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கட சின்னம்மா எப்பிடி?"

"அவா ஒரு அபலை" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தாயாரின் முகம் மாறியது. "அபலையோ? ஏன், ஆரும் ஏமாத்திப்போட்டினமோ?"

"ஐயோ, அது கதைப்புத்தகத்தில வாசிச்சதைச் சொல்லுது" என்று அப்பா பதறினார். அந்தப் பதற்றமே வினையாயிற்று. யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் பிறகு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

அவர்கள் படலையைத் தாண்டியதும் அம்மா எனக்கு அடிக்கக் கை ஓங்கினார். சின்னம்மா என்னை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

"அபலை எண்டா வடிவான பொம்பிளைதானே, சின்னம்மா?"

சின்னம்மா என் தலையைக் கோதிவிட்டார். "ஓம் குஞ்சு, அதுதான். அவைக்குத்தான் விளங்கேல்லை."

அபலை என்றால் ஆதரவற்ற பெண் என்று எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் சொன்னார். அதற்குள் சின்னம்மா, மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவருக்கு இரண்டாந்தாரமாக நெடுங்கேணிக்குப் போய்விட்டிருந்தார். விடுமுறைக்குப் போனால் என்னை முழுகவார்த்துத் தலைவாரி விடுவார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். எனக்குப் பொருள் தெரிந்துவிட்டதென்று அறிந்தால் அவர் வருந்துவார், தெரியாதவள் போலவே இருந்துவிடுவோம் என்று நினைத்தேன். அந்த நாளைச் சொல்லி அழுவதற்கு அந்த ஊரில் அவருக்கு என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.