நரிமலையில் எழுதிய வேண்டுதல்

மொன்றியல் டோர்வல் விமான நிலையத்தில் அப்பாவுக்குப் பெட்டி ஏற்றும் வேலை. விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏறிக்கொள்ளும் ஊழியர் டிக்கெட் இரண்டு அவருக்குக் கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஜப்பான் போகிறேன் என்று நாங்கள் இருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்கக் கத்தித் திரிந்தேன். இடமும் மிஞ்சியது.

அங்கே ஒரு பழம்பெரும் மலைக்கோயில். அடியிலிருந்து உச்சிவரை சிவப்பு வாசல்கள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. எண்ணிக்கொண்டே ஓடினேன், நூறு தாண்டியதும் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அப்பாவோ முதல் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"அப்பா, எல்லாரும் சப்பாத்தோடதான் போகினம்!"

"அவை போகட்டும். நீ கழட்டு."

கல் குத்தியது. அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. வழியெல்லாம் கல் நரிகள். அப்பா அவற்றை வைரவரின் நாய் என்றே எடுத்துக்கொண்டார். "வைரவரடா! இஞ்சையும் வந்து இருக்கிறார்!" என்று அவர் விழுந்து கும்பிட, பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி பதறிப்போய் அவருக்கே குனிந்து வணக்கம் வைத்தார்.

உச்சியில், வேண்டுதலை எழுதித் தொங்கவிடும் சிறு மரப்பலகைகள். அப்பா ஒன்று வாங்கினார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது.

"பிரெஞ்சில எழுது. தமிழ் இவருக்கு விளங்காது."

"பிரெஞ்சும் விளங்காதப்பா."

"வெளிநாட்டுச் சாமியெல்லே, சமாளிப்பார். எழுது: என்ர தம்பி உயிரோட வீட்டை வரவேணும்."

ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன சித்தப்பாவை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். பலகை சிறியது, என் ஆசை பெரியது. சித்தப்பாவை அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று, எனக்குப் புது ஐஸ் ஸ்கேட்ஸ் வேண்டும் என எழுதினேன்.

"பேர் போட்டனியோ?"

"ஓம்."

என் பெயரைத்தான் போட்டிருந்தேன்.

அப்பா பலகையைத் தொங்கவிட்டு, எழுத்தின்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் நின்றார். நான் மணிக்கயிற்றைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

மொன்றியல் திரும்பியதும் ஊரில் சித்தப்பாவுக்காகக் காத்திருந்த அவர் மனைவிக்கு, என் சித்திக்கு, ஃபோன் எடுத்தார். எல்லாம் சொல்லி முடித்து என்னிடம் தந்தார்.

"நீயோ ராசா எழுதினது?"

"ஓம் சித்தி."

"சாமிக்கு விளங்கிற மாதிரி எழுதினனியோ?"

"ஓம் சித்தி. ஒரு பிழையும் இல்லை."

மறுமுனையில் சித்தி அழத் தொடங்கினார். சாமியிடம் கேட்டாயிற்றே, இனி எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. அவர் அழுது முடியும்வரை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்கேட்ஸ் என்ன நிறத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.