சந்தனம் வைத்த தண்டவாளம்

எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய ரயிலுக்கு, விலையை மட்டும் யாரும் சுருக்குவதில்லை. 1998இல் முதல் இன்ஜினை வாங்கியபோதே இது எனக்குப் புரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர், பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்த ஜெர்மன் இன்ஜின் அது. உள்ளங்கையில் அடங்கும். விலையை மனைவியிடம் சொன்னபோது கடைசிச் சைபரை விட்டுவிட்டேன். அதற்கே அவள், "இந்தக் காசுக்கு நெசமான ரயில்லயே மதுரைக்குப் போயிப் போயி வந்திருக்கலாமே" என்றாள்.

பிறகு தண்டவாளம், பெட்டிகள், டிரான்ஸ்பார்மர் என்று ஒவ்வொன்றாக வந்து, தேனியில் எங்கள் வீட்டு மாடியறையை நிரப்பின. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி ரயில் நொண்டும். காகிதக்கூழில் நான் செய்த மலையின் குகைக்குள் பல்லி முட்டையிட்டது. கூழில் கலந்த மைதாவைத் தின்ன எறும்புகள் சாரை சாரையாக மலையேறின. ஆறு ஆண்டுகளில் அந்த ரயில் ஒரு முழுச் சுற்றைக் கைபடாமல் முடித்ததே இல்லை.

2004இல் அறைக்கே ஆபத்து வந்தது. மனைவியின் தம்பி போடியில் ஏலக்காய் வியாபாரி. சரக்கு வைக்க ஈரம் ஏறாத அறை தேடிக்கொண்டிருந்தவனுக்கு எங்கள் மாடியறை மேல் கண் விழுந்தது.

"மச்சான், ஆயுத பூச அன்னைக்கு வாரேன். ஒரே ஒரு சுத்து, கைவைக்காம ஓட்டிக் காட்டுங்க, இந்தப் பேச்சையே விட்டுர்றேன். நின்னுச்சுன்னா மூட்டைய ஏத்திருவேன்" என்றான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டாள்.

இரண்டு மாதம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டினேன். பூஜைக்கு முந்தின நாள் ரயில் நிற்காமல் மூன்று சுற்று ஓடியது. அந்தத் தெம்போடு மறுநாள் என் கடையில் பூஜையை முடித்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் மினி லாரி. மைத்துனன் மூட்டைகளோடே வந்திருந்தான்.

மூவரும் மாடியேறினோம். ஸ்கூட்டர், கிரைண்டர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மனைவி, நான் இல்லாத நேரத்தில் ரயிலையும் விட்டுவைக்கவில்லை. குகை வாசலில் திருநீற்றுப் பட்டை. சக்கரத்தடியில் நசுக்குவதற்கு வைத்த எலுமிச்சம்பழம் இன்ஜினைவிடப் பெரிது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம். தண்டவாளம் முழுக்கச் சாணுக்கு ஒரு பொட்டு.

இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏற வேண்டும். காய்ந்த சந்தனம் அதற்கு வழிவிடாது. எலுமிச்சம்பழத்தை நகர்த்திவிட்டு சுவிட்சைத் திருப்பினேன். ரயில் ஒரு சாண் நகர்ந்து நின்றது.

"நம்ம மதுர வண்டியாச்சும் ஆண்டிபட்டி போயித்தான் நிக்கும் மச்சான். இது பிளாட்பாரத்தக்கூடத் தாண்டலையே" என்றான் மைத்துனன்.

"சந்தனத்தால..." என்று ஆரம்பித்தேன்.

"அப்ப நான் வச்ச பொட்டாலதான் நின்னுச்சுன்னு சொல்றீகளா?" என்றாள் மனைவி.

பேச்சை விட்டுவிட்டுத் துணியை எடுத்தேன்.

"பூச போட்ட அன்னைக்கே அழிப்பீகளா? கைய எடுங்க."

மைத்துனன் ஜன்னல் வழியே கீழே குரல் கொடுத்தான்: "ஏலே, மூட்டைய எறக்குங்க!"

"இருடா" என்றாள் அவள். "இன்னைக்கு ஒன் தராசுல ஏலக்கா நிறுத்தியா?"

"பூசைக்கு வச்ச தராச எப்பிடிக்கா தொடுறது? நாளைக்குத்தான எடுக்கணும்."

"ஒன் தராசுக்கு ஒரு நாயம், ஒங்க மச்சான் ரயிலுக்கு ஒரு நாயமா? இதுவும் பூசைக்கு வச்சதுதான். இன்னைக்கு அது நிக்கிறதுதான் மொற. ஓடியிருந்தாத்தான் குத்தம்."

"சரிக்கா, அப்ப நாளைக்கு வாரேன்."

"நாளைக்கு என்னடா? இன்னைக்குன்னு நாள் குறிச்சவன் நீ. ஒன் பந்தயம் முடிஞ்சு போச்சு. கீழ வா, பொரிகடலை தின்னுட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். பொரியைக் கொறித்துவிட்டு, மூட்டைகளோடு அவன் போடிக்குத் திரும்பினான்.

விஜயதசமி காலையிலிருந்து மத்தியானம் வரை பழைய பனியனும் ஊசியுமாக உட்கார்ந்து சந்தனத்தைச் சுரண்டினேன். பிறகு சுவிட்சைத் திருப்பியபோது, மனைவி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். ரயில் மலையைச் சுற்றி, குகைக்குள் புகுந்து, வெளியே வந்து, எங்குமே நிற்காமல் முழுச் சுற்றையும் முடித்தது. பெருமை தாங்காமல் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "கெளம்புன எடத்துக்கேவா வருது?"