முடிவிலி பெருக்கல் சுழி, சமம் மைனஸ் ஒன்று

டுடோரியலில் கணக்கு நடத்துவது என்றால், ஒருமுறை தோற்றவர்களிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டுச் சம்பளம் வாங்குவது. எண்பதுகளில் விழுப்புரத்தில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். அந்தப் பாவத்தில் பங்குள்ள வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வரும் விடைத்தாள் சம்பவம் நான் கண்ணால் கண்டதல்ல. கேட்டதை ஊரெல்லாம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் சந்தேகப்பட்டும் வந்தேன்.

ஒரே கோடு

சாய்வுகள் சமமானால் கோடுகள் இணை. அனந்தபுரத்திலிருந்து வந்த ஏழுமலைக்கு 2x + y = 3, 4x + 2y = 6 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் சாய்வு −2, அதனால் இணை என்றான். இரண்டாவதை இரண்டால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். வகுத்தால் முதல் கோடே வந்து நின்றது. பலகையைப் பார்த்துச் சொன்னான்: "இது என்னிய மாதிரிதான் சார். மார்ச்சுல பரீட்சை எழுதுனதும் நான்தான், செப்டம்பர்ல எழுதப்போறதும் நான்தான்."

கடைசி வரி

சாய்வுகளைப் பெருக்கி −1 வந்தால் கோடுகள் செங்குத்து. கோலியனூர் வளர்மதி கேட்டாள், ஒரு கோடு நட்ட கம்பம்போல நின்றால் என்ன செய்வது, சாய்வுப் பின்னத்தில் கீழே சுழி வருகிறதே என்று. அவளுக்குக் கணக்கு மட்டும்தான் பாக்கி. அவள் ஊரில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாக இருந்தது. பத்தாவது தேறியிருக்க வேண்டும். சுழியால் வகுக்க முடியாது, நிற்கிற கோட்டுக்குச் சாய்வே கிடையாது, −1ஐத் தேடாதே என்றேன். ஒன்று நிற்கிறது, மற்றது படுத்திருக்கிறது, ஆகவே செங்குத்து என்று எழுதச் சொன்னேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டுடோரியல் முதலாளி உள்ளே வந்து, எப்படியாவது கடைசி வரியில் −1 வரவேண்டும் என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காரணமெல்லாம் பாஸானவனுக்கு சார். ஃபெயிலானவனுக்குக் கடைசி வரி போதும்."

பை நிறைய மல்லாட்டை

வளர்மதி கேட்ட அந்தக் கேள்வியே பரீட்சையில் வந்தது. ஏழுமலை தேறி, பை நிறைய மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்தான். நிற்கிற கோட்டின் சாய்வு முடிவிலி, படுத்ததன் சாய்வு சுழி, இரண்டையும் பெருக்கினால் −1 என்று எழுதினானாம். எப்படி வரும் என்றேன். "எனக்கு இன்னா தெரியும் சார்? பெரிய சார் வரணும்னாரு, வரவெச்சிட்டேன்."

வளர்மதி சொற்ப மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். வேலை வேறொருத்திக்குக் கிடைத்த பிறகு ஒருநாள் வந்தாள். அழவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதியதாகவும், அது தப்பா சரியா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றும் சொன்னாள். சரிதான் என்றேன். "சரின்னா இன்னும் பேஜாரா இருக்குது சார்."

திண்டிவனத்தில் கேட்டது

எனக்குப் பழக்கமான சபாபதி சார் திண்டிவனத்தில் பள்ளிக் கணக்கு ஆசிரியர். அந்த முறை விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவராகவே சொன்னார். ஒரு தாளில், நிற்கிற கோட்டுக்குச் சாய்வு இல்லை என்று எழுதியிருந்ததாம். இவர் முழு மதிப்பெண் போட்டாராம். முதன்மைத் தேர்வாளர் அதை அடித்துவிட்டு முட்டை போட்டாராம். "நான் எவ்ளோ சொன்னேன், அந்த ஆளு −1 எங்கன்னு கேட்டுக்கினே இருந்தான்."

முதன்மைத் தேர்வாளர் ஒரு கட்டு விடைத்தாளில் ஏதோ சிலவற்றைத்தான் புரட்டுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தத் தாள் சரியாக அவர் கையில் எப்படிச் சிக்கியது? அது வளர்மதியுடையதுதானா? சபாபதி சார் அந்த விடையை இத்தனை வருஷம் கழித்தும் வரி பிசகாமல் ஏன் ஒப்பிக்கிறார்? போன மாதம் அவர் பேரனுக்குக் காது குத்தினார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபாபதி சார், மறுபடியும் அதே கதையை ஆரம்பித்தார். கணக்கில் சரியான விடை ஒன்றுதான், திருத்துகிற கைகள்தான் பல என்பதால், கேட்டுவிட்டேன்.

"முதல்ல முட்டை போட்டது அவரா சார், நீங்களா?"